மலையும் ஆறும் ஒரே குகையில்

(அண்டை நாடுகளின் கூட்டமைப்பும் சமாதானமும் என்ற பொருளில் ஏற்காட்டில் ஒரு வாசகர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை சேர்வராயன் கோயிலுக்குப் போய்விட்டு வந்தேன். மலையுச்சியில் பரந்த புல்வெளி. அதன் ஓரத்தில் குனிந்து நுழைய வேண்டிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. கீழே இருந்து ஏறி வந்த எனக்கு அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. காவிரி இந்த மலையில் பிறக்கவில்லை. இதன் அடிவாரத்தைத் தொட்டுக்கூட ஓடவில்லை. மேற்கே தள்ளி, மேட்டூர் வழியாகத் தன் போக்கில் போகிறது. வானம் தெளிந்த நாளில் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்றால் அணைத் தண்ணீர் ஒரு கீற்றாகத் தெரியும் என்பார்கள். அவ்வளவுதான் உறவு. ஆனால் இங்கே பெய்யும் மழை தெற்கே இறங்கித் திருமணிமுத்தாறாகிக் காவிரியில் போய்ச் சேர்கிறது. அதை மலைக்காரர்கள் அறிந்திருந்தார்கள். பக்கத்து நிலத்தில் ஓடும் ஆற்றைத் தங்கள் சாமிக்கு அருகே உட்கார வைத்துக் கும்பிடுகிறார்கள்.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களிடம் ஒரு குடியேற்றக் கதை இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள் வந்தார்கள். சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை என்று ஆளுக்கொரு மலையில் தங்கினார்கள் என்பது அந்தக் கதை. அண்ணன் தம்பிகள்தான், ஆனால் வீடு தனித்தனி, மலை தனித்தனி. இன்னொன்றும் கவனியுங்கள். இங்கே 'நாடு' என்றால் சில ஊர்கள் சேர்ந்த கூட்டு. இந்த ஒரு மலைக்குள்ளேயே மூன்று நாடுகள் இருந்தன. ஊருக்கு ஒரு பெரியவர், நாட்டுக்கு ஒரு தலைவர் என்று வைத்துத் தங்கள் வழக்குகளைத் தாங்களே தீர்த்துக்கொண்டார்கள். நாம் இன்று நாடு என்ற சொல்லைக் கேட்டதும் கொடி, பாஸ்போர்ட், முள்வேலி, துப்பாக்கி ஏந்திய காவல் என்று நினைக்கிறோம். அந்தச் சொல்லுக்கு இவ்வளவு இறுக்கமான பொருள் வந்து அதிகக் காலம் ஆகவில்லை.

எனக்குக் கொடுத்த கேள்வி இது: பக்கத்துப் பக்கத்து நாடுகள் அரசியலில் ஒன்றாக இணைந்துகொண்டால் போர் நின்றுவிடுமா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணைப்பு மட்டும் போரை நிறுத்தாது. எந்தப் பொருளுக்காகச் சண்டை வருகிறதோ அந்தப் பொருளை இருவரும் சேர்ந்து நிர்வகிக்கும் ஓர் அலுவலகம் வேண்டும். வேண்டாம் என்றால் வெளியே போக ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அங்கே வாழ்கிற மக்களைக் கேட்டிருக்க வேண்டும். இந்த மூன்றும் உள்ள இணைப்பு போரை நிறுத்தும் என்று நான் நம்புகிறேன். அப்படி ஒன்றை நம் துணைக்கண்டத்தில் உருவாக்கப் பார்த்தவர்களில் முக்கியமான ஒருவர் அன்றைய சேலம் ஜில்லாக்காரர். அவரிடம் வருவதற்கு முன், இந்த மலையைச் சுற்றி நடந்த சில போர்களை நினைவுபடுத்த வேண்டும்.

வடக்கே தெரிவது தகடூர், இன்றைய தர்மபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். தெற்கே கொல்லிமலை, ஓரியின் மலை. கிழக்கே திருக்கோவலூர், மலையமான் காரியின் ஊர். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான். பெருஞ்சேரல் இரும்பொறை பிறகு தகடூரையும் அழித்தான். மூன்று ஊர்க்காரர்களும் பேசியது ஒரே தமிழ். பாடிய புலவர்களில் பலர் எல்லா அரண்மனைகளிலும் பரிசு வாங்கியவர்கள். மொழி ஒன்றாக இருந்தது ஓர் ஊரையும் காப்பாற்றவில்லை. இன்றைக்கு 'நாமெல்லாம் ஒரே இனம், ஒரே பண்பாடு, நமக்குள் சண்டை வராது' என்று மேடைகளில் சொல்கிறபோது எனக்குத் தகடூர்தான் ஞாபகம் வரும்.

அந்தக் காலத்தில் போரைத் தடுக்க முயன்றவர்கள் இருந்தார்கள். அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போனார். சோழர் குடியில் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நடுவே கோவூர் கிழார் நின்று, தோற்பது யாராக இருந்தாலும் உங்கள் குடிதானே தோற்கிறது என்று வாதாடினார். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது புறநானூற்றின் ஐம்பத்தெட்டாம் பாட்டு. சோழன் திருமாவளவனும் பாண்டியன் பெருவழுதியும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் அதைப் பார்த்து மகிழ்கிறார். நீங்கள் இருவரும் இப்படியே சேர்ந்திருங்கள், உங்களைப் பிரிக்க நினைப்பவர் பேச்சைக் கேட்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறார். ஒரு புலவரின் முழு நெஞ்சும் அதில் இருக்கிறது. ஆனால் அந்த நட்பைத் தாங்குவதற்கு இரண்டு அரசர்களின் மனத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அவர்களில் ஒருவர் இறந்தால் அது முடிந்தது. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்து எண்ணூறு ஆண்டு கழித்து இதே குறை நம் காலத்தில் திரும்ப வரும்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வருவோம். மைசூருக்கும் கிழக்குச் சமவெளிக்கும் இடையே இந்த மலைகளும் கணவாய்களும்தான் எல்லை. 1767இலும் 1780இலும் ஹைதர் அலியின் படைகள் இந்தக் கணவாய்கள் வழியே இறங்கின. கிழக்கிந்தியக் கம்பெனியின் எதிர்ப்படை ஏறியது. போகும்போதும் வரும்போதும் அழிந்தது நடுவில் இருந்த உழவர்களின் கம்பும் கேழ்வரகும்தான். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் திப்பு பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ என்று அதிகாரிகள் வந்து நிலத்தை அளந்தார்கள். எல்லை நகர்ந்தது, இந்த மலையில் யாரையும் யாரும் கேட்கவில்லை.

பிறகு அந்த எல்லையில் சண்டைக்குக் காரணமானது காவிரித் தண்ணீர். மைசூர் சமஸ்தானமும் சென்னை மாகாணமும் 1892இல் ஓர் ஒப்பந்தம் போட்டன, 1924இல் இன்னொன்று. இரண்டாவது ஒப்பந்தத்தின்படிதான் அங்கே கிருஷ்ணராஜசாகர், இங்கே 1934இல் மேட்டூர். ஒப்பந்தத்தின் முக்கியமான பிரிவுகளுக்கு ஐம்பது ஆண்டு என்று வைத்ததால் 1974க்குப் பிறகு வழக்கு மூண்டது. 1990இல் நடுவர் மன்றம். 1991 ஜூனில் ஆண்டுக்கு 205 டிஎம்சி தர வேண்டும் என்று இடைக்காலத் தீர்ப்பு. அந்த டிசம்பரில் கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். உயிர்கள் போயின. பல்லாயிரக்கணக்கானோர் வீட்டை விட்டு எல்லை தாண்டி வந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு அப்படி வந்தவர்கள் பதினோரு பேர். என் அத்தை மாமா குடும்பமும் அவர்களோடு ஒரே தோட்டத்தில் கூலி வேலை செய்த இன்னொரு குடும்பமும். அத்தை ஒரு வெண்கலப் பானையை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருந்தார். அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. அந்தப் பானையில்தான் எங்கள் வீட்டில் அந்த வருஷம் பொங்கல் வைத்தோம். மாமா பேச்சைக் குறைத்துவிட்டார். ஒருநாள் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து, "கோர்ட்டுல தீர்ப்பு எழுதுனாங்க சாமி, அந்தத் தண்ணில ஒரு சொம்புகூட எனக்கு வராது. அடி மட்டும் எனக்கு வந்துச்சு" என்றார். இணைந்த நாட்டில் ரத்தம் சிந்தாது என்று யாராவது எளிதாகச் சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடியாததற்கு அந்தத் திண்ணைதான் காரணம்.

ஆனாலும் அதே காவிரி எனக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 2007இல் நடுவர் மன்றம் இறுதித் தீர்ப்புச் சொன்னது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 டிஎம்சி என்று கணக்கை முடித்தது. அந்த ஆண்டே காவிரி மேலாண்மை ஆணையம் வந்தது. எத்தனை கசப்பு, எத்தனை கடையடைப்பு, எத்தனை பேருந்து எரிப்பு! எல்லாம் நடந்தும் ஹைதர் வந்த கணவாயில் படை வரவில்லை. அந்த யோசனைகூட யாருக்கும் எழவில்லை. இன்று அந்தத் தொப்பூர்க் கணவாயில் நடக்கும் பெரிய துயரம் லாரி விபத்துகள்தான். இருநூறு ஆண்டுகளில் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சண்டை தீரவில்லை, ஆனால் சண்டைபோடும் இடம் மாறியது. போர்க்களத்திலிருந்து நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து நீர்மட்டத்தை அளக்கும் பொறியாளர்களின் மேசைக்கும் வந்தது. ஒரே ஒன்றியத்துக்குள் இருப்பதன் பயன் இதுதான். என் மாமாவை அது காப்பாற்றவில்லை. அவருடைய மகன் இன்று பெங்களூரில் குடும்பத்தோடு இருக்கிறான்.

இனி ராஜாஜி. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்தவர். சேலத்தில் வக்கீல், 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே சந்தையில் பேசும் எல்லை நிலத்தில் பிறந்தவர் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அப்படிப்பட்ட ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு எல்லைக்கோடு ஒரு புனிதப் பொருளாகத் தோன்றுவதில்லை.

1942இல் முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கை அளவில் ஏற்றுப் பேச வேண்டும் என்று அவர் சொன்னார். அலகாபாத்தில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி 120க்கு 15 என்ற வாக்கில் அவரைத் தோற்கடித்தது. சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த மனிதர், காந்தியின் சம்பந்தி, காங்கிரஸை விட்டே வெளியேறினார். துரோகி என்று ஏசினார்கள். 1943இல் காந்தி சிறையில் உண்ணாவிரதம் இருந்தபோது ராஜாஜி ஒரு திட்டத்தைக் காட்டி அவர் ஒப்புதலைப் பெற்றார். 1944இல் அது வெளியே வந்தது. ராஜாஜி திட்டம் என்றே சரித்திரத்தில் பெயர்.

பள்ளிப் பாடத்தில் இதை 'பாகிஸ்தானுக்குச் சம்மதித்த திட்டம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதை முழுதாகப் படித்துப் பாருங்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள, ஒன்றோடொன்று ஒட்டிய மாவட்டங்களை ஒரு குழு வரையறுக்கட்டும். அங்கே வாழ்கிற எல்லோரிடமும், முஸ்லிம் மட்டும் என்றில்லாமல் எல்லோரிடமும், வாக்கெடுப்பு நடக்கட்டும். பிரிவது என்று முடிவானால் பாதுகாப்பு, வணிகம், போக்குவரத்து முதலியவற்றுக்கு இரு தரப்பும் பொது உடன்படிக்கை செய்துகொள்ளட்டும். மக்கள் இடம் மாறுவதாக இருந்தால் முழுக்க முழுக்க அவரவர் விருப்பப்படிதான். நான் தொடக்கத்தில் சொன்ன மூன்றும் இதில் இருக்கின்றன: மக்களைக் கேட்பது, கதவைத் திறந்து வைப்பது, சண்டைக்குரியதைப் பொதுவில் வைப்பது. பிரிவதையும் சேர்வதையும் ஒரே காகிதத்தில் எழுதியவர் அவர்.

1944 செப்டம்பரில் பம்பாயில் காந்தியும் ஜின்னாவும் 9ஆம் தேதி முதல் 27ஆம் தேதி வரை பேசினார்கள். பேச்சு முறிந்தது. ஜின்னாவுக்கு முஸ்லிம் அல்லாதவர்களும் வாக்களிப்பது சம்மதமில்லை. முதலில் பிரிவு, பிறகு மற்றவை என்பது அவர் கட்சி. காந்திக்கோ முதலில் விடுதலை, பிறகு பிரிவு. பிரியும்போதே பொதுக் காரியங்களுக்கான உடன்படிக்கையும் கூட வர வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து, 1946 மே மாதத்தில் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு வெளியுறவு, பாதுகாப்பு, போக்குவரத்து மட்டும் மத்தியில் இருக்கும் தளர்ந்த ஒன்றியத்தை முன்வைத்தது. அதுவும் நிற்கவில்லை. 1947இல் நீடித்த பொது உடன்படிக்கை எதுவுமின்றிக் கோடு கிழிக்கப்பட்டது. விருப்பப்படி என்று ராஜாஜி எழுதிய இடப்பெயர்வு, கோடிக்கும் மேற்பட்டவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடியதாக முடிந்தது.

அவர் திட்டத்தில் குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. பஞ்சாபையும் வங்காளத்தையும் மாவட்டம் மாவட்டமாகப் பிளப்பது அதில் அடங்கியிருந்தது. அந்தப் பிளவு அங்கே வாழ்கிறவர்களுக்கு என்ன செய்யும் என்பதைச் சென்னையில் உட்கார்ந்திருந்தவரால் முழுக்க உணர முடிந்திருக்காது. ஆனாலும், பிரிந்த மறுநாள் காலையில் ரயிலை யார் ஓட்டுவது, எல்லையை யார் காப்பது, சரக்கு எப்படிப் போகும் என்று பிரிவதற்கு முன்பே கேட்ட மிகச் சிலரில் அவர் ஒருவர். அந்தக் கேள்விக்கு இன்றுவரை பதில் எழுதப்படவில்லை.

இருபது ஆண்டுகள் கழிகின்றன. 1964. ராஜாஜிக்கு எண்பத்தைந்து வயது. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கி நேருவின் கடுமையான எதிரியாக இருக்கிறார். அந்த ஏப்ரல் 8ஆம் தேதி, 1953 ஆகஸ்டில் கைதாகிப் பதினோரு ஆண்டுகளில் பெரும்பகுதியைச் சிறையில் கழித்த ஷேக் அப்துல்லா விடுதலையாகிறார். தன்னைச் சிறையில் வைத்த அரசின் தலைவரான நேருவின் தீன்மூர்த்தி வீட்டிலேயே விருந்தினராகத் தங்குகிறார். பிறகு வினோபாவைப் பார்க்கிறார். மே மாதத் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து ராஜாஜியைப் பார்க்கிறார். காஷ்மீரத்துத் தலைவர் ஒருவர் தன் மக்களின் எதிர்காலத்துக்கு வழி தேடி, நம் ஜில்லாவில் வக்கீல் தொழில் செய்த ஒரு முதியவரைத் தேடி வந்தார் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. மணிக்கணக்கில் பேசினார்கள்.

காஷ்மீருக்கு இரு நாடுகளும் கூட்டாகப் பொறுப்பேற்பது, காலப்போக்கில் இந்தியாவும் பாகிஸ்தானும் காஷ்மீரும் ஒரு தளர்ந்த கூட்டமைப்பாக அமைவது என்ற யோசனைகள் அந்த வாரங்களில் பேசப்பட்டன. கட்சிப் பகையை ஒதுக்கிவைத்து ராஜாஜி இந்த முயற்சிக்காகப் பத்திரிகைகளில் எழுதினார். மே 24ஆம் தேதி ஷேக் அப்துல்லா ராவல்பிண்டி போனார். பாகிஸ்தான் அதிபர் அயூப்கானைச் சந்தித்தார். கூட்டமைப்பு என்ற பேச்சு பாகிஸ்தானை மறுபடி அடிமைப்படுத்தும் பேச்சு என்றும், தான் அதை நிராகரித்ததாகவும் அயூப்கான் தன் வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். அப்துல்லாவின் சுயசரிதையில் தொனி வேறு. எப்படியோ, ஜூனில் டில்லிக்கு வந்து நேருவைச் சந்திக்க அயூப்கான் சம்மதித்தார். மே 27ஆம் தேதி ஷேக் அப்துல்லா முசாபராபாத்தில் இருந்தார். அங்கேதான் நேரு இறந்த செய்தி அவருக்கு எட்டியது. அழுதார். எல்லாவற்றையும் போட்டுவிட்டு இறுதிச் சடங்குக்கு டில்லி திரும்பினார்.

மறு ஆண்டு மே மாதம் அவரை மறுபடி கைது செய்தார்கள். எங்கே வைத்தார்கள் தெரியுமா? நம் தமிழ்நாட்டு மலைகளில். முதலில் ஊட்டி, பிறகு கொடைக்கானல். அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்டன.

காரிக்கண்ணனார் பாட்டில் நாம் கண்ட குறை இதுதான். இரண்டு மனிதர்களின் நல்ல மனத்தின் மேல் மட்டும் நிற்கும் சமாதானம் ஒரு மாரடைப்போடு போய்விடும். அயூப்கானின் அச்சத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். பிரிந்து பதினேழு ஆண்டே ஆன சிறிய நாட்டிடம் பெரிய நாட்டிலிருந்து ஒருவர் போய் 'சேர்ந்துகொள்ளலாம்' என்றால் அது அவர் காதில் 'திரும்பி வா' என்றுதான் விழும். கூட்டமைப்பு என்ற சொல்லோடு தொடங்கியதே பிழை என்று எனக்குப் படுகிறது. ராஜாஜி 1944இல் செய்ததுபோல போக்குவரத்து, வணிகம் என்று தொடங்கியிருக்க வேண்டும்.

ஐரோப்பாவில் அப்படித்தான் தொடங்கினார்கள். பிரான்சும் ஜெர்மனியும் 1870, 1914, 1939 என்று எழுபது ஆண்டுகளில் மூன்று முறை போரிட்டவை. அல்சேஸ் என்ற எல்லைப் பகுதியில் 1870க்கு முன் பிறந்து 1945 வரை வாழ்ந்த ஒருவர் வீட்டை விட்டு நகராமலே நான்கு முறை ஆட்சி மாறக் கண்டிருப்பார். 1950 மே 9ஆம் தேதி பிரான்சின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் சூமான் ஓர் அறிவிப்புச் செய்தார். இரு நாடுகளின் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது ஆணையத்தின் கீழ் வைப்போம் என்றார். பீரங்கி செய்வது இந்த இரண்டிலிருந்துதான். 1951இல் பாரிஸில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. அந்த ஒப்பந்தத்தின் ஆயுள் ஐம்பது ஆண்டு. சூமானும் எல்லைக்காரர்தான்: லக்சம்பர்க்கில் பிறந்தவர், முதல் உலகப்போர் முடியும்வரை ஜெர்மன் குடிமகன். அவர் இறந்தார், உடன் உழைத்த ஜான் மோனே இறந்தார், ஜெர்மனியின் அடினாவர் இறந்தார். அவர்கள் தொடங்கிய இணைப்பு நிலைத்தது. பின்னால் அதிலிருந்து வளர்ந்த ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேற விரும்பியபோது விதிப்படி 2020 ஜனவரி 31ஆம் தேதி வெளியேறியது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. அந்த வெளியேற்றத்தை ஒன்றியத்தின் தோல்வி என்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒன்றியத்தின் பெருமை.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒன்று சிங்கப்பூர். 1963 செப்டம்பர் 16இல் மலேசியாவோடு இணைந்தது. அடுத்த ஆண்டே சிங்கப்பூரில் இரண்டு இனக்கலவரங்கள். 1965 ஆகஸ்ட் 9இல் பிரிந்துவிட்டது. இணைந்திருந்தபோது ரத்தம், பிரிந்தபின் அறுபது ஆண்டு போர் இல்லை. இணைப்புதான் சமாதானம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். என் பதில் தண்ணீரில் இருக்கிறது. ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் தரும் 1961, 1962 ஒப்பந்தங்களை, பிரியும்போது எழுதிய உடன்படிக்கையிலேயே உறுதி செய்தார்கள். 1962 ஒப்பந்தம் 2061வரை இருக்கிறது. விலையைப் பற்றி இன்றும் வாக்குவாதம்; அதற்காகக் குழாயை ஒருநாளும் அடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர். பிரிந்து இரண்டே ஆண்டில், 1967 ஆகஸ்ட் 8இல் பாங்காக்கில், மலேசியாவும் இந்தோனேசியாவும் உட்கார்ந்த அதே மேசையில் ஆசியான் அறிக்கையில் அவர் கையெழுத்திட்டார். கொடியில் பிரிந்தார்கள், காரியத்தில் சேர்ந்தார்கள். எகிப்தும் சிரியாவும் 1958இல் கொடியையும் தலைவரையும் ஒன்றாக்கி, மூன்றரை ஆண்டில் முறிந்துபோனதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மேலிருந்து கட்டும் இணைப்பை நம் ஊரும் மறுத்திருக்கிறது. 1956இல் தமிழகம், கேரளம், மைசூர் மூன்றையும் சேர்த்துத் தட்சிணப் பிரதேசம் என்ற யோசனை வந்தது. ராஜாஜி ஆதரித்தார். காமராஜர் எதிர்த்தார், பெரியார் எதிர்த்தார், அண்ணா எதிர்த்தார். கைவிடப்பட்டது. ராஜாஜி மேல் எனக்கிருக்கும் மதிப்பையும் மீறிச் சொல்கிறேன், எதிர்த்தவர்கள் செய்தது சரி. தன் மொழியில் ஆட்சி வேண்டும் என்று மக்கள் அப்போதுதான் கேட்டுப் பெற்றிருந்தார்கள். அதை உடனே ஒரு பெரிய பானையில் கரைப்பது எந்தச் சமாதானத்துக்கும் உதவியிருக்காது. இலங்கையில் இதன் மறுபக்கத்தைப் பார்த்தோம். 1926இலேயே கூட்டாட்சி பற்றிப் பேசியவர் பண்டாரநாயக்கா. அதே மனிதர் 1956இல் சிங்களம் மட்டும் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தார். ஒரே நாடாக இருப்பதன் விலையைச் சிறிய தரப்பு மட்டும் கொடுக்க வேண்டும் என்றானபோது அங்கே என்ன நடந்தது என்பதை இந்த அவையில் நான் விவரிக்க வேண்டியதில்லை.

நம் துணைக்கண்டத்தில் பொது அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1985 டிசம்பரில் டாக்காவில் சார்க் பிறந்தது. 2014இல் காத்மாண்டுவில் கூடியதோடு அதன் உச்சி மாநாடுகள் நின்றுபோயின. 1960இல் நேருவும் அயூப்கானும் கராச்சியில் கையெழுத்திட்ட சிந்து நதி ஒப்பந்தம் 1965, 1971, 1999 என்று எல்லாச் சண்டைகளையும் தாண்டி நின்றது. போர் நடந்த நாட்களிலும் அது செல்லுபடியாகவே இருந்தது. 2025 ஏப்ரலில், பஹல்காமில் அப்பாவிகள் கொல்லப்பட்டதற்குப் பிறகு, இந்தியா அதை நிறுத்தி வைத்தது. அந்தக் கொலைகளுக்காக எனக்கும் நெஞ்சு எரிகிறது. ஆனால் அறுபத்தைந்து ஆண்டு நின்ற ஓர் ஏற்பாடு நின்றுபோனதை என்னால் வெற்றியாகக் கொண்டாட முடியவில்லை. அந்த ஒப்பந்தத்தில் ஒரு குறையும் இருந்தது. ஆறு ஆறுகளை மூன்று உனக்கு, மூன்று எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். சேர்ந்து ஆள்வதற்கு எதுவும் இல்லை. கணக்குப் பார்க்க மட்டும் ஆணையர்கள் இருந்தார்கள்.

டில்லியும் இஸ்லாமாபாத்தும் நம் கைக்கு எட்டாது. எட்டுகிற ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பாக் நீரிணை. இந்தக் கரையில் ராமேஸ்வரமும் நாகப்பட்டினமும், அந்தக் கரையில் யாழ்ப்பாணமும் மன்னாரும். இரண்டு கரையிலும் தமிழ்தான். 1974இலும் 1976இலும் கடலில் கோடு போட்டார்கள், மீனவரைக் கேட்கவில்லை. நம் இழுவைப் படகுகள் இழுவை மடியால் கடலடியைச் சுரண்டுகின்றன. இலங்கை உள்நாட்டுப் போரில் பல ஆண்டு கடலுக்கே போக முடியாமல் கிடந்த அந்தக் கரையின் தமிழ் மீனவர் வலைகளை அவை அறுக்கின்றன. நம் பிள்ளைகள் பிடிபடுகிறார்கள், சுடப்பட்டிருக்கிறார்கள், படகுகள் அங்கே கரையில் கிடந்து மக்குகின்றன. இதில் நம் துயரம் உண்மை, நம் தவறும் உண்மை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறவர்கள் குறைவு.

2014இல் இரு நாட்டு மீனவப் பிரதிநிதிகள் சென்னையில் ஒருமுறை, கொழும்பில் ஒருமுறை நேருக்கு நேர் பேசினார்கள். 2016இல் இரு அரசுகளும் கூட்டுப் பணிக்குழு அமைத்தன. 2017இல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. நான் கேட்பது அடுத்த படி. கச்சத்தீவு யாருடையது என்ற கேள்வியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தக் கடலின் மீன்வளத்தை மட்டும் கவனிக்கும் ஒரு நிரந்தரக் கூட்டு ஆணையம் வேண்டும். எந்தப் படகு, எந்த மடி, எந்த நாள், எந்தக் காலம் கடலுக்கு ஓய்வு என்பதை அது தீர்மானிக்கட்டும். இழுவைப் படகை விட்டு வெளியே வருகிறவருக்கு மாற்றுப் படகும் கடன் தீர்வும் அதன் வழியாகவே கிடைக்கட்டும். பிடிபட்டவர் வழக்கு அதன்முன் வரட்டும். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு விருப்பமில்லாவிட்டால் எந்தத் தரப்பும் விலகலாம் என்றும் எழுதி வைக்கட்டும்.

அந்த மேசையில் யார் உட்காருவது என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். அதிகாரிகள் இருப்பார்கள், விசைப்படகு உரிமையாளர்கள் இருப்பார்கள். நாட்டுப்படகில் போகிறவருக்கு ஓர் இடம் வேண்டும். கரையில் மீன் பிரித்து, உலர்த்தி, தலைச்சுமையாக விற்கும் பெண்களுக்கு, இந்தக் கரையில் இருப்பவருக்கும் அந்தக் கரையில் இருப்பவருக்கும், சரிபாதி இடம் வேண்டும். 2014இல் நடந்ததுபோல யாழ்ப்பாணத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே அப்படி ஒரு சந்திப்பு மறுபடி நடக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த அவையில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னோடு சிறிது நேரம் உட்காருங்கள். ராமேஸ்வரத்திலிருந்து இருவர் வந்திருக்கிறார்கள். பின்வரிசையில்தான் இருக்கிறார்கள்.